அக்கா மோந்து பார்க்கும்

யார் வாசலுக்கு வந்தாலும் எதிர்வீட்டு அக்கா முதலில் முகத்தைப் பார்க்காது. தலையை லேசாகத் தூக்கி மூக்கால் ஒரு இழுப்பு இழுக்கும். பிறகுதான் "வா"வோ "இன்னா"வோ வரும்.

"இன்னாடா, ஸ்டேஷன் பக்கம் பிரியாணி சாப்ட்டு வர்றியா? கத்திரிக்கா ஜாஸ்தி கேட்டு வாங்கிக்கின போல."

"எப்டிக்கா கண்டுபுடிச்ச?"

"மூக்கு பொய் சொல்லாதுடா தம்பி. கண்ணு சொல்லும், காது சொல்லும். மூக்கு சொல்லாது."

எங்கள் தெரு ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டி, டேனரிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தெருமுனையிலேயே கைக்குட்டையைத் தேடுவார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊறின தோலும் சுண்ணாம்பும் கலந்த நெடியிலேயே பிறந்து வளர்ந்ததில், மூக்கு என்பது மூக்குத்தி போட மட்டும்தான் என்று ஆகிவிட்டிருந்தது. அப்படிப்பட்ட தெருவில் அக்காவுக்கு மட்டும் இந்த மூக்கு எப்படி வாய்த்தது என்று என் அம்மா ஆச்சரியப்படும். பால் திரியப் போவது அக்காவுக்கு முன்னாடியே தெரியும். மலைப் பக்கம் மழை இறங்கினால் இங்கே துணியை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுக்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஓசூரில் லோடு இறக்கிவிட்டு வந்தவரின் சட்டையைத் துவைக்க வாங்கி, வழக்கம்போல ஒரு இழுப்பு இழுத்தது. "இது நம்ம வீட்டு சோப்பு இல்லியே" என்றது. அவ்வளவுதான் நடந்த சண்டை. கொஞ்ச நாளில் அவர் அந்த சோப்பு வீட்டுக்கே போய்விட்டார். தெருவில் யாராவது அதைப் பற்றிப் பேச வந்தால், "போவட்டும், அது வாசனையான வீடு" என்று சொல்லி அக்காவே முதலில் சிரிக்கும்.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. மிச்சம் இருந்தது பாப்பா மட்டும்தான். ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் தலையை இழுத்து நெற்றிக்கு மேலே, வகிட்டில், மூக்கை வைத்து நீளமாக இழுக்கும். பிறகு படிக்கிற மாதிரி ஒப்பிக்கும். "வெயிலு. சாக்பீசு. எவளோ மாங்கா ஊறுகா குடுத்துருக்கா." பாப்பா நெளிவாள். "விடும்மா, அண்ணன் பாக்குது."

"பாக்கட்டும். இந்தத் தலை இப்டியே இருக்கணும். எங்கிட்ட அடிக்கிற வாசனை உங்கிட்ட அடிக்கக் கூடாது. நான் வேற ஒண்ணுமே கேக்கல."

அக்காவிடம் அடித்தது சொல்யூஷன் வாசனை. ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை. ஷூவின் மேல்பாகமான அப்பரையும் அடிப்பாகமான சோலையும் ஒட்டுகிற பசைக்கு எங்கள் ஊரில் சொல்யூஷன் என்றுதான் பெயர். இனிப்பாக, தலைக்குள் ஏறுகிற மாதிரி ஒரு நெடி. புடவையில், முடியில், டிபன் பாக்ஸ் மூடியில்கூட இருக்கும். எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் போகாது. சின்ன வயதில் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அக்கா கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது ஓடிப்போய் முந்தானைப் பக்கத்தில் நின்றுகொள்வேன். என்னைத் தள்ளிவிடும். "எட்டப் போடா. இது நல்லாருக்கற மாதிரி இருக்கும், நல்லதில்ல."

பிரஷ்ஷால் பசையைத் தடவி, கொஞ்சம் காயவிட்டு, சரியான பதத்தில் சோலை வைத்து அழுத்த வேண்டும். மற்ற பெண்கள் விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பார்கள். அக்கா தொடாது. ஷூவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்க்கும். நெடியின் காரம் அடங்கிவிட்டது என்றால் அழுத்தலாம். அந்த லைனிலேயே அக்கா கை ஷூதான் பிரிந்து வராது என்று பேர்.

டேபிளுக்கு மேலே நெடியை வெளியே இழுக்க ஒரு ஃபேன் இருந்ததாம். அதை நிறுத்தி வைத்ததும் அக்காதான். காற்று ஓடினால் கிண்ணத்தில் இருக்கிற சொல்யூஷன் மேலே ஆடை கட்டிவிடும். பிரஷ் இழுக்காது, டார்கெட் போகாது. அதனால் அந்த வரிசைப் பெண்கள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஃபேனை நிறுத்துவார்கள். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் பார்க்க வருகிற அன்றைக்கு மட்டும் ஃபேன் ஓடும், முகத்துக்கு மாஸ்க்கும் வரும். "மாப்ள பாக்க வர்ற அன்னிக்கு வீட்டக் கழுவி உடுவாங்கல்ல, அதான்" என்று அக்கா சொல்லும்.

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். கெமிக்கல் இன்ஜினியரிங் சீட் கிடைத்ததும் அம்மா என்னை அக்காவிடம்தான் முதலில் அனுப்பியது. "கெமிக்கலா?" என்றது அக்கா. "அப்ப நீயும் நம்ம ஆளுதான்." பிறகு ஏனோ முகம் வாடிவிட்டது. "பாப்பாவுக்கும் சொல்லிக் குடுடா. ஆனா கெமிக்கல் வேணாம். வேற எதுனா."

படிப்பு முடித்ததும் கடலோரத்தில் ஒரு பெரிய சுத்திகரிப்பு ஆலையில் வேலை கிடைத்தது. கப்பலில் வருகிற கச்சா எண்ணெயை உலையில் காய்ச்சி, உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். கனமானது அடியில் தங்கும், லேசானது மேலே ஏறும். பெட்ரோலும் டீசலும் எடுத்து விற்பதோடு நிறுத்தாமல், பெட்ரோகெமிக்கல் யூனிட்களையும் அதே காம்பவுண்டுக்குள் கோத்திருந்தார்கள். ஒரு யூனிட் கழித்துவிடுவது அடுத்த யூனிட்டுக்குத் தீனி. நாப்தா என்கிற லேசான எண்ணெயில் ஒரு பங்கு ஒரு பக்கமாகப் போய் எத்திலீன், புரொப்பிலீன் என்று வாயுவாக உடையும். சோல், ரெக்ஸின், நூல், ஷூவைச் சுற்றுகிற பாலித்தீன் எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான். இன்னொரு பங்கு வேறு பக்கமாகப் போய் பென்சீன், டொலுயீன் ஆகும். எரிந்து தீர வேண்டியது பொருளாக மாறுகிறது என்று பயிற்சியில் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

அந்த டொலுயீன் பக்கத்துக்கு முதல் தடவை போன அன்றைக்கு ஏதோ ஒரு வால்வு லேசாகக் கசிந்திருந்தது. இனிப்பாக, தலைக்குள் ஏறுகிற மாதிரி ஒரு நெடி. நான் சட்டென்று திரும்பி அக்காவைத் தேடினேன். சுற்றிலும் குழாய்கள்தான் இருந்தன.

சட்டையில் மாட்டியிருந்த, வாயு கசிந்தால் காட்டுகிற கருவி கத்தியது. எங்களை வெளியே ஓடச் சொன்னார்கள். முகமூடி போட்ட இருவர் மட்டும் உள்ளே போனார்கள். பிறகு சேஃப்டி ஆபீசர் எங்களை நிற்கவைத்துச் சொன்னார்: "மூக்கை நம்பாதீங்க. முதல்ல காட்டும். கொஞ்ச நேரத்துல பழகிடும். அப்புறம் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லும். கருவியை மட்டும் நம்புங்க."

அடுத்த லீவில் இதை அக்காவிடம் சொன்னேன். கச்சா எண்ணெய் டொலுயீனாகி அக்காவின் சொல்யூஷன் கிண்ணம் வரைக்கும் வருகிற வழியைச் சொன்னேன். வாய் பிளந்து கேட்டது.

"ஒண்ணத்தையும் உட மாட்டாங்களா? மாடு மாதிரியே. கறி ஒருத்தனுக்கு, தோலு ஒருத்தனுக்கு, கொம்பு, கொழுப்பு, முடி. மீதின்னு ஒண்ணு கெடையாது."

"அங்க கசிவுன்னா மாஸ்க் இல்லாம கிட்டயே போக மாட்டோம்க்கா. நீ மூஞ்சிகிட்ட கொண்டுபோய் மோந்து பாக்கற. அந்த ஃபேனையாவது போடச் சொல்லு."

"ஆடை கட்டிடும்டா."

"மூக்கே செத்துரும்க்கா. எங்க ஆபீசரே சொல்றாரு, மூக்கு பொய் சொல்லும்னு."

"அவருக்கு சளி புடிச்சிருக்கும், போ."

மூக்கு எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. அக்கா சொல்லவில்லை. ஒரு தடவை நான் வந்தபோது வழக்கம்போல மூக்கைத் தூக்கி, "பிரியாணி சாப்ட்டியா?" என்றது. நான் அன்றைக்கு ஒன்றுமே சாப்பிடவில்லை. அடுத்த தடவையும் பிரியாணி என்றது. எங்கள் ஊருக்கு ரயிலில் வந்து இறங்குகிறவனைப் பார்த்து பிரியாணி என்று சொன்னால் பாதி நாள் சரியாகத்தான் இருக்கும். அக்கா ஊகிக்கிறது என்று எனக்குப் புரிய கொஞ்ச நாள் ஆயிற்று.

புரிந்த நாளை மறக்க முடியாது. அம்மா கொடுத்த குழம்பை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் கால் வைத்ததுமே கேஸ் நெடி குப்பென்று அடித்தது. அடுப்பின் திருகு திறந்திருந்தது. அக்கா அதற்கு முன்னால் உட்கார்ந்து, நமுத்துப்போன தீக்குச்சியைப் பெட்டியில் உரசிக்கொண்டிருந்தது. ஒன்று பற்றவில்லை. அடுத்த குச்சியை எடுத்தது.

நான் குழம்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பெட்டியைப் பிடுங்கினேன். திருகை மூடி, ஜன்னலைத் திறந்து, அக்காவை வெளியே இழுத்து வந்தேன்.

"கேஸ்க்கா! வீடு முழுக்க கேஸு! தெரியலியா?"

அக்கா வீட்டுக்குள் பார்த்தது. மூக்கால் இழுத்தது. மறுபடி இழுத்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"கேஸுக்குத் தானா வாசனை கிடையாதுக்கா" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று. "ஆளுங்களுக்குத் தெரியணும்னு நாத்தத்தைக் கலந்துதான் அனுப்புறாங்க."

"அவங்க போட்டுதான் அனுப்பறாங்க. எனக்கு வந்து சேரலியே தம்பி."

வேலூரில் ஒரு காது மூக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். "கொரோனா வந்துச்சாம்மா?" என்று கேட்டார். "யாருக்கு வரல சார்?" என்றது அக்கா. அப்படியானால் அதனாலும் இருக்கலாம், வேலையாலும் இருக்கலாம், இதுதான் காரணம் என்று எழுதித் தர முடியாது என்றார். நல்ல மனிதர்தான். கசப்பான மருந்து எதையும் எழுதவில்லை. மருந்தே எழுதவில்லை.

அக்கா விடவில்லை. பக்கத்து வீட்டு பாயிடம் அத்தர் வாங்கிக் கைக்குட்டையில் ஊற்றி ஊற்றி மோந்து பார்த்தது. தெரு முழுக்கப் பெருநாள் மாதிரி மணந்தது, அக்காவைத் தவிர எல்லோருக்கும். சோளிங்கர் மலைக்கு வேண்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏறிவிட்டு வந்தது. "நரசிம்மர் கையில குடுத்த மாதிரி துளசி குடுத்தாங்கடா. நசுக்கி நசுக்கி மோந்தேன். வெறும் பச்சத் தண்ணி."

கம்பெனியிலும் தெரிந்துவிட்டது. பதம் பார்க்க மூக்கு இல்லை. மற்றவர்களைப் போலத் தொட்டுப் பார்க்கலாம் என்றால் விரல்நுனிகள் எப்போதோ மரத்துப்போயிருந்தன. காயும் முன்னால் அழுத்திய ஷூவெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வந்தன. ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அக்கா முன்னாலேயே கொட்டினார்களாம். வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா எனக்கு போன் செய்து இதைச் சொன்னபோது அழவில்லை. "பாப்பா காலேஜ் போறாடா. அது நிக்கக் கூடாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. பாப்பா வாணியம்பாடியில் காலேஜ் சேர்ந்திருந்தாள். அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தது. என்னால் முடிந்ததை அனுப்பினேன்.

அதற்கப்புறம் வந்த லீவில்தான் அது நடந்தது. சாயங்காலம் அக்கா வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பாப்பா தோளில் காலேஜ் பையோடு வந்தாள். அக்கா எழுந்து போய் அவள் தலையை இழுத்து வகிட்டில் மூக்கை வைத்து நீளமாக இழுத்தது.

"வெயிலு" என்றது. "பஸ் டீசலு."

பாப்பா என்னைக் கடந்து உள்ளே போனாள். இனிப்பாக, தலைக்குள் ஏறுகிற மாதிரி ஒரு நெடி என் பக்கம் வீசியது. சட்டையில் கருவி இருந்திருந்தால் கத்தியிருக்கும். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

தெருக்குழாயில் அவள் தண்ணீர் பிடிக்க வந்தபோது கேட்டேன். "எத்தினி நாளா கம்பெனிக்குப் போற பாப்பா?"

"அம்மா கைய பாத்தியாண்ணா? பாத்திரம் கீழ உழறதுகூட சத்தம் கேட்டுதான் அதுக்குத் தெரியுது. நான் எப்டி பைய மாட்டினு காலேஜ்ல போய் ஒக்கார்றது?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்காது."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "அம்மாவுக்கு எப்டிண்ணா தெரியும்?"

மறுநாள் காலை, பாப்பா குளிக்கப் போயிருந்த நேரம், அக்கா என்னைக் கூப்பிட்டது. கையில் ஒரு சீப்பு. இன்னொரு கையில் பாப்பாவின் துப்பட்டா. சீப்பின் பல்லில் சிக்கியிருந்த எதையோ காட்டியது. பழுப்பாக, நூல் மாதிரி உருண்டு காய்ந்த பசை. பேஸ்டிங் பெண்கள் வேலை முடிந்ததும் விரலை விரலால் தேய்த்து உருட்டி எடுப்பார்களே, அது.

"பஞ்சர் கடையில ஒட்டியிருக்கும்ல? பஸ்ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பஞ்சர் கடை இருக்குது. அவ அந்தப் பக்கமாதான் போறா."

நான் சீப்பை வாங்கிப் பார்த்தேன்.

"நான் தெனம் மோந்துதான் பாக்கறேன். ஒண்ணும் தெரியலன்னாலும் பாக்கறேன். நான் மோந்து பாப்பேன்ற பயம் அவளுக்கு இருக்கணும்ல?" துப்பட்டாவை என் முகத்துக்கு நேராக நீட்டியது. "நீ அதுக்குன்னே படிச்சவன். மோந்து பாத்து சொல்லுடா. இல்லன்னு சொல்லு, நம்பிக்கிறேன்."

துப்பட்டா என் கைக்கு வருவதற்கு முன்பே நெடி வந்துவிட்டது. இருந்தும் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன், கொஞ்ச நேரம் அக்காவைப் பார்க்காமல் இருக்கலாம் என்று. பஞ்சர் கடை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. துப்பட்டாவைக் கீழே இறக்கியபோது அக்காவின் மூக்கு என் பக்கமாக லேசாகத் தூக்கியிருந்தது.

"வருதுக்கா" என்றேன்.

ஈரத் தலையோடு பாப்பா வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அக்கா அடிக்கப் போகிறது, இல்லை விழுந்து அழப் போகிறது என்று நினைத்தேன். அக்கா அவளைப் பார்த்து ஒன்றுதான் கேட்டது.

"எந்த எடம்?"

"ஒன் எடந்தாம்மா. ஜன்னல் ஓரம்."

"ஃபேன் போடறியா?"

"ரிப்பேரும்மா. சரி பண்ணலாம்னு சொன்னா, அதான் யாரும் போடறதில்லியேன்றாங்க. உங்க அம்மா இருந்தப்பவே நிறுத்துனதுதான்னு சொல்றாங்க."

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. பாப்பா, "நின்னுட்றேன்மா, நாளைல இருந்து நின்னுட்றேன்" என்று அழுதாள். நின்றால் அடுத்து என்ன என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. நான் அனுப்புவது எங்கள் வீட்டையே முழுதாகத் தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. பாப்பா அன்றைக்கு வழக்கம்போல பஸ்ஸ்டாண்டில் போய் ஏறவில்லை, காலேஜ் பையையும் எடுக்கவில்லை. டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள். அக்கா எழுந்து உள்ளே போனது. வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனின் வயரைப் பிடுங்கி, அதன் தலையைச் சுற்றிப் புடவைத் துணியைக் கட்டி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, சீர் வரிசையா? மாப்ள யாரு?"

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். அக்கா ஜன்னல் வழியாக ஃபேனை பாப்பாவின் மடியில் வைத்தது. "மூஞ்சிக்குப் பக்கத்துல வச்சிக்கோ. நெடி ஜன்னல் பக்கம் போறாப்ல வச்சிக்கோ. ஆடை கட்டுனா கட்டட்டும். எவ கேட்டாலும் எங்கம்மா போடச் சொல்லுச்சுன்னு சொல்லு."

வேன் போன பிறகும் கை நீட்டினபடியே நின்றது.

சாயங்காலம் ஃபேன் அதே துணியோடு திரும்பி வந்தது. வெளிப்பொருளை உள்ளே விட மாட்டோம் என்று கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம். அக்கா ஃபேனை வாங்கிக் கீழே வைத்தது. பாப்பாவின் தலையை இழுத்து வகிட்டில் மூக்கை வைத்து இழுத்தது. வெயிலு என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மறுபடி ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கு அடுத்த நாளும். கேட்டில் நிறுத்துவார்கள் என்று தெரிந்தும் போனது. டிரைவர் கேலி செய்வதை விட்டுவிட்டு, தானே இறங்கி ஃபேனை வாங்கி உள்ளே வைக்க ஆரம்பித்தார்.

லீவு முடிந்து நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பிய காலையில், வேன் இன்னும் வரவில்லை. தெருமுனையில் பாப்பா நின்றிருந்தாள். பக்கத்தில் அக்கா, இடுப்பில் ஃபேனோடு. நான் கிட்டே போனதும் பழக்கத்தில் தலையைத் தூக்கி மூக்கால் ஒரு இழுப்பு இழுத்தது.

"ஊருக்குக் கெளம்பிட்டியா?" என்றது, என் பையைப் பார்த்து.